வாயை மூடினால் ஒட்டகம்

எனக்குப் பயம் வந்தால் வலது காலோடு வலது கை கிளம்பிவிடும். இடது காலோடு இடது கை. ஊரில் மற்றவர்களுக்குப் பயம் வந்தால் உள்ளங்கை வியர்க்கும், நாக்கு உலரும், வயிற்றைக் கலக்கும். அதெல்லாம் எனக்கும் உண்டு. இது அதற்கு மேல் ஒரு கொசுறு. நம்பாதவர்கள் வீட்டில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து எழுந்து நின்று இப்படி நாலு அடி நடந்து பார்க்கலாம். வேண்டுமென்று செய்தால் அவ்வளவு சுலபத்தில் வராது. எனக்கு வேண்டாமென்றாலும் வரும்.

இப்படிப்பட்ட உடம்பை வைத்துக்கொண்டு நான் போய்ச் சேர்ந்த இடம் உடற்கல்விக் கல்லூரி.

எண்பதுகளின் நடுவில் ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில் அந்தச் சின்னக் கல்லூரி இருந்தது. முள்வேலி போட்ட பெரிய மைதானம், ஒரே ஒரு மாடிக் கட்டடம், மைதானத்தின் மூலையில் மாடு கட்ட வசதியாக ஒரு கோல்போஸ்ட். இன்று அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. கோல்போஸ்ட் இருந்த இடத்தில் லிஃப்ட் ஏறி இறங்குகிறது என்று என் கணக்கு.

நாங்கள் ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். ராணுவத்துக்கு டாங்கி செய்கிற வேலைக்குத் தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். பக்கத்து வீடு கோயம்புத்தூர், எதிர் வீடு நாகர்கோவில், கடைசி வீடு தஞ்சாவூர். மத்தியானம் தெருவில் நடந்தால் குழம்பு வாசனையை வைத்தே மாவட்டத்தைச் சொல்லிவிடலாம். அப்பா திருநெல்வேலிப் பக்கத்து ஆள். ஆவடிக்கு வந்து எவ்வளவோ காலமாகியும் நாக்கை மட்டும் தாமிரபரணிக் கரையிலேயே விட்டுவிட்டு வந்தவர். நான் உடற்கல்வி படிக்கப் போகிறேன் என்றதும் அவர் கேட்டது இதுதான்.

"நடக்கதுக்கும் ஓடுததுக்கும் ஒரு படிப்பா லே? அத நீ ஒரு வயசுலயே பாஸாயிட்டல்லா?"

கேட்டுவிட்டுச் சேர்த்தும் விட்டார். ஆனால் கறாராகச் சொன்னார்: ஒரே தரம்தான். பாஸானால் நெமிலிச்சேரியில் அவருக்குத் தெரிந்த தலைமை ஆசிரியர் ஒருவரின் பள்ளியில் பி.டி. மாஸ்டர் வேலை காலியாகிறது, ஜூன் மாதம் போய்ச் சேரலாம். தவறினால் மறுநாள் காலை அவருடைய சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து தொழிற்சாலைக்குப் போக வேண்டும். தொழிற்சாலை மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. எங்களுக்குச் சோறு போட்டது அதுதான். ஆனால் இரும்பை இரும்பில் தேய்க்கிற சத்தம் கேட்டாலே எனக்குப் பல் கூசும். அதோடு காலை முதல் மாலை வரை அப்பாவின் கண் பார்வையில் வேலை செய்தால் என் கையும் காலும் நிரந்தரமாக ஜோடி சேர்ந்துவிடும்.

சேர்ந்த சில வாரங்களிலேயே சுதந்திர தின அணிவகுப்பு வந்தது. நான் உயரம். உயரமானவனை முன்னால் நிறுத்துவது உடற்கல்வி உலகின் சட்டம். சிறப்பு விருந்தினர் சல்யூட் வைத்த கையோடு நிற்கிறார். நான் அணியின் தலையில். மேடையை நெருங்க நெருங்க நெஞ்சு அடைத்தது. வலது கால் போனது, கூடவே வலது கை போனது. விருந்தினர் சல்யூட் வைத்த கையை இறக்கி வாயைப் பொத்திக்கொண்டார். அன்று மாலையே பூந்தமல்லியிலிருந்து வருகிற என் வகுப்புத் தோழன் எனக்குப் பெயர் சூட்டினான். ஒட்டகமும் அப்படித்தானாம், ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டையும் சேர்த்து வைக்குமாம்.

"மச்சான், உன்னை இங்க தப்பா சேத்துட்டானுங்க. ராஜஸ்தானுக்கு டிக்கெட் போடலாமா?"

அந்த நாளிலிருந்து ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். டிரில் மாஸ்டர் இடது கையில் கூழாங்கல்லைக் கொடுத்து, கல் இருக்கிற கையை வலது காலோடு வீசச் சொன்னார். பயத்தில் கல் எந்தக் கையில் இருக்கிறது என்பதே மறந்துபோனது. தோழன் ஒருவன் வலது கால் பெருவிரலுக்கும் இடது கை மணிக்கட்டுக்கும் ஒரே நிறத்தில் நூல் கட்டிவிட்டான். அம்மா அதை மந்திரித்த கயிறு என்று நினைத்து எந்தக் கோயில் என்று விசாரித்தாள். நானோ விடிந்ததும் பருத்திப்பட்டு ஏரிக்கரைக்குப் போய்த் தனியாக மார்ச் செய்வேன். அங்கே பிரமாதமாக வரும். ஏரிக்கரை மாடுகள் முன்னால் நான் ஒரு ராணுவத் தளபதி. மாடுகள் மார்க் போடுவதில்லை, அதுதான் குறை.

இப்போதுதான் எங்கள் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் நடத்திய பாடம் கினிசியாலஜி. தமிழில் உடலியக்கவியல். எந்த எலும்பை எந்தத் தசை இழுக்கிறது, நடக்கும்போது எது வேலை செய்கிறது, எது சும்மா இருந்துகொண்டு சம்பளம் வாங்குகிறது என்று சொல்கிற பாடம். அந்தக் கல்லூரியில் அவர் ஒருவர்தான் பேராசிரியர் பட்டத்துக்குப் பொருத்தமான படிப்புப் படித்தவர். பார்த்தால் அப்படித் தெரியாது. சட்டைப் பொத்தான்களை வதைக்கிற தொப்பை. ஓடி நான் பார்த்ததில்லை. பேருந்து கிளம்பிவிட்டால் அடுத்த பேருந்து வரும் என்று நிற்கிறவர். உடற்பயிற்சி என்று அவர் செய்ததெல்லாம் கரும்பலகையைத் துடைப்பதுதான். அதையும் எந்தெந்தத் தசையால் துடைக்கிறார் என்று சொல்லிக்கொண்டே துடைப்பார்.

அவர் அம்பத்தூரில் பிறந்து வளர்ந்தவர். குடும்பம் நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்து, தொழிற்பேட்டை எஸ்டேட் வந்த பிறகு கம்பெனி வேலைக்குப் போன குடும்பம். வகுப்புக்குள் நுழையும்போது ஆங்கிலத்தில் தொடங்குவார். வருகைப் பதிவு முடிவதற்குள் அது அம்பத்தூர்த் தமிழாகிவிடும். வகுப்பில் ஒரு எலும்புக்கூடு தொங்கியது. அதன் இடது முழங்கால் சில்லு எங்கேயோ தொலைந்துபோனதால் ஒரு கொட்டாங்கச்சித் துண்டைத் தேய்த்து வைத்துக் கட்டியிருந்தார். யார் முழங்கால் வலி என்றாலும் "உனக்கும் கொட்டாங்கச்சி வெச்சிடலாமா?" என்று கேட்பார்.

நடப்பதைப் பற்றி அவர் நடத்திய முதல் வகுப்பு இன்னும் நினைவிருக்கிறது. மேஜை மேல் ஏறி நின்றார். மேஜை முனகியது. பிறகு இரண்டு கையையும் இடுப்பில் வைத்து முன்பக்கம் மெதுவாகச் சாய்ந்தார். முன் வரிசையில் இருந்தவர்கள் பின் வரிசைக்கு ஓடினோம். விழப்போகிற கடைசிக் கணத்தில் ஒரு காலை முன்னால் வைத்து நின்றார்.

"நடக்கறதுன்னா இன்னா? உழறது. அவ்ளோதான். ஒவ்வொரு அடிக்கும் நீ உழுந்துகினு கீற. உழறதுக்குள்ள அடுத்த காலை வெச்சி சமாளிக்கிற. இதுல நம்ம கெத்து வேற."

அவருக்கு ஆய்வுக்கூடம் கிடையாது. கல்லூரி நிர்வாகம் வாங்கித் தருவதாகச் சொன்ன கருவிகள் வந்துகொண்டே இருந்தன, நான் படித்து முடித்து வெளியே வரும்வரை. ஆகவே சனிக்கிழமை மாலைகளில் எங்களை அண்ணனூர் ரயில் நிலையத்துக்கு வரச் சொல்வார். ரயில் பெட்டிகள் நிறுத்துகிற பெரிய ஷெட்டுக்குப் பக்கத்தில்தான் அவர் குடியிருந்தார். பிளாட்பாரத்தில் சிமெண்ட் பெஞ்சில் அவர் உட்கார, நாங்கள் சுற்றி நிற்போம். மின்சார ரயில் வந்து ஆட்களைக் கொட்டும். நடந்து போகிறவர்களைப் பார்த்து நாங்கள் சொல்ல வேண்டும். இவருக்கு எந்தத் தோளில் பை மாட்டிப் பழக்கம், அவருக்கு எந்த முட்டி தொந்தரவு, இந்த அம்மா தலையில் கூடை வைத்துப் பழகியவரா இல்லையா. வேலை முடிந்து வருகிற கூட்டம் என்பதால் ஒருவரும் நடிக்க மாட்டார்கள், அதுதான் நல்ல நடை என்பார்.

நாங்கள் படித்த திமிரில் பெரிய பெரிய தசைகளின் பெயராகச் சொல்வோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்பார்: செருப்பைப் பார்த்தாயா? நாங்கள் சொன்ன இடுப்புக் கோளாறு பாதிக்கு மேல் பிய்ந்த செருப்பாகவும் பெரிய அளவு பூட்ஸாகவும் முடிந்துபோகும்.

"மொதல்ல செருப்பு. அப்பால முட்டி. அப்பால இடுப்பு. கீழருந்து மேல போ நைனா. மேலருந்து கீழ வந்தா டாக்டருக்குத்தான் லாபம்."

ஒரு சனிக்கிழமை ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். இளவட்டங்கள் கூட்டமாக நின்று போகிற வருகிறவர்களின் காலையே பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது. அதிலும் ஒரு பூக்காரம்மா எங்களைக் காட்டி ஏதோ சொல்லியிருக்கிறார். போலீஸ்காரர் நேரே சாரிடம் வந்தார்.

"இன்னா பெர்சு, வயசுப் பசங்கள வெச்சிகினு பொம்பளைங்க காலைப் பாத்துகினு கீற? ஸ்டேஷனுக்கு வரியா?"

எனக்கு ஸ்டேஷன், லாக்கப், அப்பாவின் சைக்கிள் என்று மனசு ஓடியது. சார் பதற்றமே இல்லாமல் அவரைக் கொஞ்சம் அந்தத் தூண் வரைக்கும் நடந்துவிட்டு வரச் சொன்னார். ஏன் நடந்தோம் என்று அவருக்கே தெரியாது, நடந்துவிட்டார். சார் எங்களைப் பார்த்து, சொல்லுங்கடா என்றார். ஒருவன் முதுகெலும்பு என்றான், ஒருவன் தொடையின் பின் தசை என்றான். சார் அவருடைய பூட்ஸைக் காட்டி, இது உங்கள் அளவு இல்லையே என்று கேட்டார். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். அளவு பார்த்தா கொடுக்கிறார்கள் என்று ஆரம்பித்து, குதிகால் வலி, ராத்திரி தூக்கம் வராதது எல்லாம் சொன்னார். அதன் பிறகு சனிக்கிழமைகளில் எங்களுக்கு டீ சொல்கிறவர் அவர்தான். பூக்காரம்மாவும் ஒரு நாள் வந்து முட்டியைக் காட்டினார்.

இந்தச் சாரிடம்தான் என் ஒட்டக நடைப் பிரச்சினை போனது. நான் கொண்டுபோகவில்லை, பூந்தமல்லித் தோழன் வகுப்பில் எழுந்து நின்று அறிவித்தான். சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நோயாளியைப் பார்த்த வைத்தியரின் முகம் இல்லை, வாழையிலையில் பாயசம் விழுவதைப் பார்த்த முகம். நடந்து காட்டச் சொன்னார். நடந்தேன். கையும் காலும் ஒழுங்காக மாறி மாறிப் போயின. வேண்டுமென்றே தப்பாக நடக்கச் சொன்னார். கைகால் பின்னிக்கொண்டு எலும்புக்கூட்டின் மேல் விழுந்தேன். பயம் வந்தால்தான் வரும் சார் என்றேன். சரி, வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

ஒரு வாரம் கழித்து, வகுப்பு நடுவில் பியூன் வந்து என்னிடம் சொன்னார், உங்கள் அப்பா கேட்டில் நிற்கிறார் என்று.

அப்பாவுக்கு அன்று காலை ஷிஃப்ட். ஷிஃப்ட்டை விட்டுவிட்டு அவர் கல்லூரிக்கு வருவதென்றால் யாராவது செத்திருக்க வேண்டும், அல்லது நான் மாதத் தேர்வில் வாங்கிய மதிப்பெண் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதில் முதலாவது நடந்திருந்தால் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டே மாடியிலிருந்து இறங்கினேன். மைதானத்தின் குறுக்கே நடந்தேன். கேட்டுக்குப் போனால் ஒரு நுங்கு வண்டிக்காரர் மட்டும் நின்றிருந்தார். யாரும் வரவில்லை தம்பி, நுங்கு வேண்டுமா என்றார். திரும்பிப் பார்த்தேன். மாடி ஜன்னல் முழுக்கத் தலைகள். நடுவில் சார், இரண்டு கையையும் தட்டிக்கொண்டிருந்தார். மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை ஒட்டகமாகவே வந்திருக்கிறேன்.

அவர் இறங்கி வந்து எனக்கு நுங்கு வாங்கிக் கொடுத்தார். கோபித்துக்கொள்ளாதே, புத்தகத்தில் படித்திருக்கிறேன், கண்ணால் பார்த்ததில்லை என்றார். பிறகு வண்டி நிழலில் நின்றபடியே விளக்கினார். வலது கால் முன்னால் போகும்போது இடுப்பு ஒரு பக்கம் திரும்புகிறது. அதை ஈடுகட்டத் தோள் மறுபக்கம் திரும்புகிறது. அதனால்தான் இடது கை முன்னால் வருகிறது. நாமாக ஆட்டுவதில்லை, அது தானாக வருவது. எனக்குப் பயம் வந்தால் நான் மூச்சைக் கட்டிவிடுகிறேன். மூச்சைக் கட்டினால் தோளும் இடுப்பும் ஒரே பலகையாக இறுகிவிடுகின்றன. பலகை திரும்பினால் கையும் அந்தப் பக்கம்தான் போகும்.

"அப்ப பயப்படாம இருக்கணுமா சார்?"

"அது என் சப்ஜெக்ட் இல்ல. பயம் வர்றது வரட்டும். நீ பேசு."

"யார்கிட்ட சார்?"

"எவன்கிட்டயாவது பேசு. ஆள் இல்லன்னா உன்கிட்டயே பேசு. வாய் தொறந்து கீற வரைக்கும் மூச்ச கட்ட முடியாது. மூச்ச கட்டலன்னா இடுப்பு பூட்டிக்காது. அப்பால கை அதும் வேலைய அது பாத்துக்கும்."

உலகத்தில் எல்லா வாத்தியார்களும் பேசாதே என்று சொல்லித்தான் நான் கேட்டிருக்கிறேன். பேசு என்று சொன்ன ஒரே வாத்தியார் அவர். நான் மருந்தைச் சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்றெல்லாம் பார்க்காமல் சாப்பிட ஆரம்பித்தேன். மார்ச் செய்யும்போது உதட்டை அசைக்காமல் முணுமுணுப்பேன். முதலில் எட்டாம் வாய்ப்பாடு சொன்னேன். அது சலித்துப்போனதால் போகிற வருகிறவர்களைப் பற்றிக் கமெண்ட் சொன்னேன். அது நன்றாக வேலை செய்தது. சிரிப்பு வந்தால் மூச்சு இன்னும் தாராளமாக வந்தது. இன்று என்னை எல்லோரும் ஜோக்கர் என்கிறார்கள். என் மனைவி இன்னும் மோசமான வார்த்தை சொல்வாள். இது குணமல்ல, சிகிச்சை என்று ஒருவருக்கும் புரியவில்லை.

கடைசித் தேர்வு வந்தது. எழுத்துத் தேர்வெல்லாம் கடந்துவிட்டேன். மிஞ்சியது சாரின் வாய்மொழித் தேர்வும் மைதானத் தேர்வும்தான். மைதானத்தில் ஒவ்வொருவரும் சக மாணவர்கள் கொண்ட அணியை முன்னின்று நடத்திப் போக வேண்டும். அதில் தவறினால் மொத்தமும் தவறியதாகக் கணக்கு. வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், மீசையே அட்டென்ஷனில் நின்றது. ஒரு ஓரமாக நாற்காலி போட்டு எங்கள் சாரும் உட்கார்ந்திருந்தார். உள்ளூர்த் தேர்வாளர் அவர்தான், ஆனால் மைதானத் தேர்வில் அவருக்கு வாயில்லை. அன்று காலை அப்பா சைக்கிளைக் கொல்லைப்பக்கம் எடுத்துப்போய்ப் பின் சீட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அதுவே போதும்.

என் முறை வந்தது. க்விக் மார்ச் என்று கத்தினேன். அணி கிளம்பியது, நான் தலையில். தேர்வாளர் எங்களுக்கு இணையாக நடந்து வந்தார். நெஞ்சு அடைக்கத் தொடங்கியதும் மருந்தை எடுத்தேன். கண்ணில் பட்ட ஒரே விஷயம் தேர்வாளர். அவருடைய நடையைப் பற்றி முணுமுணுத்தேன். "ஐயா வலது காலை வைக்கிறதைப் பாரு. கீழ முட்டை கீது, உடைஞ்சிடும்னு வைக்கிறாரு. இடுப்பு போச்சு மச்சான்." கையும் காலும் அற்புதமாகப் போயின. கெட்டது என்னவென்றால், எனக்கு நேர் பின்னால் வந்தது பூந்தமல்லித் தோழன். அவனுக்குச் சிரிப்பை அடக்க வராது. அவன் குலுங்க, அவனுக்குப் பின்னால் வந்தவன் அவன் காலை மிதிக்க, அணி மொத்தமும் பந்தியில் இடம் பிடிக்கிற கூட்டமாகிவிட்டது.

தேர்வாளர் எல்லோரையும் நிறுத்தினார். என்ன சொன்னாய் என்று என்னைக் கேட்டார். ஒன்றுமில்லை ஐயா என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பயத்தில் எனக்குப் புத்தியும் ஒரு பக்கமாகத்தான் போகும். படித்ததையாவது காட்டலாம் என்று, ஐயாவின் வலது பக்கத்து இடுப்புத் தசை பலவீனமாக இருப்பதாகத் தோன்றியது, அதைப் பற்றி எனக்குள் விவாதித்துக்கொண்டிருந்தேன் என்றேன். தசையின் லத்தீன் பெயரையும் சேர்த்துச் சொன்னேன். குளூட்டியஸ் மீடியஸ்.

 தேர்வாளர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"தம்பி, இது நேத்து வாங்குன ஷூ. கடிக்குது."

நான் சாரைப் பார்த்தேன். சார் கண்ணை மூடிக்கொண்டார். அண்ணனூர் பிளாட்பாரத்தில் எத்தனையோ சனிக்கிழமைகள் அவர் தொண்டை வறளச் சொன்ன ஒரே பாடம் அது. புத்தம் புதுத் தோல், மைதானம் முழுக்கப் பளபளக்கிறது. நான் அதைத் தவிர மீதி உடம்பு பூராவையும் பார்த்திருக்கிறேன்.

தேர்வாளர் தீர்ப்புச் சொன்னார். அணி வேண்டாம். நான் மட்டும் தனியாகக் கோல்போஸ்ட் வரை மார்ச் செய்து திரும்பி வர வேண்டும். வாயைத் திறந்தால் பெயில்.

உதட்டை ஒட்டிக்கொண்டு கிளம்பினேன். முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது. வலது காலோடு வலது கை. மாற்ற நினைத்து நிறுத்தினேன், கிளம்பினேன், இடது காலோடு இடது கை. பின்னால் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது, பூந்தமல்லித் தோழன்கூடச் சிரிக்கவில்லை. கோல்போஸ்ட் முன்னால் தெரிந்தது. எனக்கு அது அப்பாவின் சைக்கிளாகத் தெரிந்தது.

அப்போது பின்னால் சாரின் குரல் கேட்டது. தேன் தடவிய ஆங்கிலத்தில் தேர்வாளரிடம் பேசினார். இந்தப் பையனுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு என் பாடத்தில் வாய்மொழித் தேர்வு பாக்கி இருக்கிறது, அனுமதித்தால் அதையும் இப்போதே முடித்துவிடலாம், தங்கள் நேரம் மிச்சமாகும் என்றார். ஷூ கடிக்கிற மனிதருக்குச் சீக்கிரம் முடிகிற எதுவும் நல்லதுதான். முடியுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் காலி நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"நிக்காத, நடந்துகினே சொல்லு. குளூட்டியஸ் மீடியஸ் எங்க தொடங்குது?"

"இடுப்பெலும்பு வெளிப்பக்கம் சார்!"

"எங்க போய் ஒட்டுது?"

"தொடை எலும்பு மேல்முனை, பெரிய மேடு சார்!"

கத்தினேன். கத்தக் கத்த நெஞ்சு திறந்தது. கெண்டைக்கால் தசையைக் கேட்டார், பாதத்தைத் தூக்குகிற தசையைக் கேட்டார், தையல்காரர்கள் சம்மணம் போட உதவுகிற தசையைக் கேட்டார். ஒவ்வொரு பதிலுக்கும் ஓர் அடி. கோல்போஸ்ட்டில் கட்டியிருந்த மாட்டைச் சுற்றித் திரும்பினேன். எப்போது என் கை சரியானது என்று எனக்குத் தெரியாது. பார்த்தவர்கள் சொன்னது, மூன்றாவது கேள்வியிலேயே சரியாகிவிட்டது என்று. நான் அவருடைய நாற்காலியை நெருங்கும்போது கடைசிக் கேள்வி வந்தது. அதற்குக் குரலை உயர்த்தவில்லை.

"நடக்கறதுன்னா இன்னா?"

"உழறது சார்."

"அப்பால?"

"உழறதுக்குள்ள அடுத்த காலை வெக்கிறது சார்."

நின்றேன். தேர்வாளர் ஒற்றைக் காலில் ஷூ இல்லாமல் எழுந்து நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். நடை பரவாயில்லை, வாய் அதிகம் என்றார். இரண்டு தேர்வுக்கும் சேர்த்து அதுதான் என் நற்சான்றிதழ்.

எல்லாம் முடிந்து சாரிடம் ஓடினேன். காலில் விழப்போனேன். அவர் பின்னால் நகர்ந்துகொண்டார். ஏதாவது நல்ல வார்த்தை சொல்லுவார், வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன்.

"செருப்ப பாருன்னு சொன்னனா இல்லியா?"

அவ்வளவுதான். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த மாணவனைக் கூப்பிடப் போய்விட்டார். அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். "நடந்துட்டியா லே?" என்று கேட்டார். நடந்துட்டேன்பா என்றேன். சைக்கிளின் பின் சீட்டில் அன்றிலிருந்து அம்மா உட்கார்ந்து சந்தைக்குப் போனாள்.

ஜூனில் நெமிலிச்சேரிப் பள்ளியில் சேர்ந்தேன். தொண்ணூறுகள் முழுவதும் விசிலும் கையுமாக அங்கேதான். விளையாட்டு விழாவில் எந்தப் பிள்ளை பயத்தில் விறைத்து நிற்கிறதோ அதன் பக்கத்தில் போய், காலையில் என்ன சாப்பிட்டாய், தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்பேன். அது பதில் சொல்லிக்கொண்டே ஓடிவிடும். சனிக்கிழமைகளில் ரயிலேறி அண்ணனூர் போய் அவரோடு பெஞ்சில் உட்காருவதும் நிற்கவில்லை. என் கல்யாணத்தில் சார் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மணவறையைச் சுற்றி வரும்போது என் வலது கை மனைவியின் கையைப் பிடித்திருந்ததால் தப்பித்தது. இடது கை இடது காலோடு கிளம்பிவிட்டது. நாதஸ்வரத்தையும் மீறி அவர் குரல் வந்தது: "நைனா, சாப்பாட்டுல வடை கீதா?" கீது சார் என்றேன். மாமனார் வீட்டார் அவரைச் சாப்பாட்டு ராமன் என்று நினைத்துக்கொண்டார்கள். கடைசிவரை நான் திருத்தவில்லை. அவரும் அன்று வடையை விடவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வெயில் காலம். பள்ளி அலுவலகத்துக்குப் பூந்தமல்லித் தோழன் போன் செய்தான். அவனும் அப்போது பி.டி. மாஸ்டர்தான், எங்கேயும் எதற்கும் சிரிக்கிறவன். அன்று "சார் போய்ட்டாரு மச்சான்" என்று மட்டும் சொன்னான்.

அண்ணனூரில் அந்தத் தெரு முழுக்கப் பழைய மாணவர்கள். எல்லோருக்கும் தொப்பை. சார் பார்த்தால் சந்தோஷப்பட்டிருப்பார். பாடையைத் தூக்கினார்கள். அவருடைய கனத்துக்குத் தூக்கியவர்கள் நடை தள்ளாடியது. ஒருவன் உயரம், ஒருவன் குள்ளம், இடது பக்கம் சரிகிறது. எங்களுக்கு இருந்த துக்கத்திலும் கண் தானாகக் கீழே போனது. செருப்பைப் பார்க்க வழியில்லை, எல்லோரும் வெறுங்கால். உயரம் பார்த்து ஆளை மாற்றிவிட்டோம். சார் சரியாமல் போனார்.

மேளத்துக்குப் பின்னால் நான் நடந்தேன். கொஞ்ச தூரத்தில் எனக்கே தெரிந்தது. வலது காலோடு வலது கை. மூச்சு கட்டிக்கொண்டுவிட்டது. நெஞ்சில் என்னவோ கொட்டாங்கச்சியை வைத்துக் கட்டிய மாதிரி இருந்தது. பேச வேண்டும் என்று தெரிகிறது, வாய் வரவில்லை. கேள்வி கேட்கிறவர் முன்னால் படுத்துக்கொண்டு போகிறார்.

பக்கத்தில் வந்த பூந்தமல்லித் தோழன் என் காலைப் பார்த்தான். கையைப் பார்த்தான். அவன் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"மச்சான், குளூட்டியஸ் மீடியஸ் எங்கடா தொடங்குது?"

"இடுப்பெலும்பு வெளிப்பக்கம்."

"எங்க போய் ஒட்டுது?"

சொன்னேன். அடுத்தது கேட்டான். பின்னால் வந்தவன் ஒருவன் எனக்கு முந்திப் பதில் சொன்னான், அதுவும் தப்பாக. முன்னால் போனவன் திரும்பித் திருத்தினான். கொஞ்ச நேரத்தில் பழைய மாணவர்கள் எல்லோரும் பாதத்திலிருந்து கெண்டைக்கால், கெண்டைக்காலிலிருந்து தொடை, தொடையிலிருந்து இடுப்பு என்று லத்தீன் பெயர்களாகச் சொல்லிக்கொண்டே போனோம். மேளக்காரர்கள் அடியைக் குறைத்துக்கொண்டார்கள். சாரின் சொந்தக்காரப் பெரியவர் ஒருவர் என் பக்கத்தில் வந்து, இது என்ன மந்திரம், சமஸ்கிருதமா என்று மெல்லக் கேட்டார். லத்தீன் என்றேன். அவர் தலையாட்டினார்.

"சொல்லு சொல்லு. நல்லா கீது."

ரயில்வே கேட் மூடியிருந்தது. மின்சார ரயில் ஒன்று ஷெட்டுக்குள் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பாடையை இறக்காமல் நின்றார்கள். நாங்கள் இடுப்பு வரை வந்திருந்தோம். கேட் திறந்ததும், சாருக்குப் பிடித்த மாதிரி, மறுபடியும் பாதத்திலிருந்து தொடங்கினோம்.